சாவுக்கு அனுமதி இல்லாத நகர்

சின்னமனூரிலிருந்து கம்பம் போகிற வழியில் ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் பார்த்திருப்பீர்கள். அதில் எந்தப் பந்தலில் கம்பி தொய்யாமல், கல்தூண் சாயாமல், நூல் பிடித்தது மாதிரி நிற்கிறதோ அது நான் போட்டது. சந்தேகம் இருந்தால் தோட்டக்காரரையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கல்தூண் சுமந்து தோள் காய்த்தவன். கூலிக்கு நின்ற இடத்தில் கற்றுக்கொண்டு, அப்புறம் நானே ஆள் வைத்து, பந்தலோடு வேலி, வேலியோடு இரும்புக் கேட்டு, தகர செட் என்று வளர்ந்து, தேனியில் சொந்தப் பட்டறை போட்டேன். படித்த இஞ்சினியர்கள் என் பட்டறையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து யோசனை கேட்டுப் போவார்கள்.

இவ்வளவு விவரமானவன் எப்படிய்யா ஏமாந்தே என்று என் சேக்காளி ஒருத்தர் கேட்டார். ஏமாந்தேன் என்று சொல்லிவிட்டால் எனக்கு எவ்வளவோ லேசாக இருக்கும். நான் ஏமாறவில்லை. அதனால்தான் நான் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பிழை மட்டும் திருத்தினாள். மிச்சமெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது.

மேகமலைக்கு ஏறுகிற ரோட்டில், மலை அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நோயடித்துப் பட்டுப்போன ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதை தேனி பஜார் வியாபாரிகள் சிலரும், ஒரு பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவரும் சேர்ந்து வாங்கினார்கள். நடுவில் கோயில், சுற்றி வீடுகள், வெளியே மதில். சாமி நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் வாழ்கிற நகர். கறி, மீன், முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு கிடையாது. சாராய வாடையோடு எவனும் உள்ளே வர முடியாது. தெருவில் கைலி கட்டி நடக்கக் கூடாது. காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கு. மதிலும் கேட்டும் போட்டுக் கொடுக்கத்தான் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள்.

வேலை நடக்கும்போது என் பெண்டாட்டி ஒரு நாள் பார்க்க வந்தாள். எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பந்தல் வேலையில் கம்பி பிடித்தவள் அவள். இப்போதுதான் நாலு காசு பார்த்து ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோயில் மணி சத்தம் கேட்டுக்கொண்டு, அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "ஏங்க, இங்கன ஒரு வீடு நமக்கும் எடுப்பீகளா?" என்றாள். ஐம்பது வருசத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். எடுத்தேன். கோயிலுக்கு நேர் எதிர்த் தெருவில், முதல் வரிசையில் எடுத்தேன். கேட்டை உபயமாகவே செய்து கொடுத்தேன். பித்தளைத் தகட்டில் என் பேர் பளபளவென்று இருக்கும். வருகிற போகிற கார்க்காரர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் ஹாரன் அடிக்க வேண்டும்.

அவள் ஜன்னலுக்கு வெளியே நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்தாள். தினமும் கோயிலுக்கு அவள் பூதான் முதலில் போகும். படுக்கையிலிருந்து தலையைத் திருப்பினால் அந்தச் செடி, அதற்கு மேலே கோயில் கொடி, அதற்கு மேலே மலை.

எனக்கு மட்டும் நாக்கு அடங்கவில்லை. மாதம் ரெண்டு தரம் சின்னமனூர் மெஸ் ஒன்றில் ஒளிந்து உட்கார்ந்து சுக்கா சாப்பிடுவேன். திரும்பும்போது வாய் நிறைய ஏலக்காய். கேட்டில் வாட்ச்மேன், முன்னாளில் என்னிடம் பந்தல் கம்பி இழுத்தவன்தான். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரிப்பான்.

"என்னா மொதலாளி, ஏலக்காய் வாசம் இந்தத் தூக்குத் தூக்குது? இன்னைக்கு எலும்பா, சதையா?"

"ஏலே, வாயை மூடு. உனக்கும் ஒரு பொட்டலம் இருக்கு."

"எனக்கு ஏலக்காய்?"

"அதுவும் இருக்குடா, நாயே."

இப்படி ஒப்பேற்றினோம். சட்டம் என்றால் நமக்கு ஒரு சந்து இருக்கும் என்றுதானே எல்லோரும் கையைத் தூக்குகிறோம்.

கையைத் தூக்கின கதைக்கு வருகிறேன். கும்பாபிஷேகம் ஆன வாரம் கோயில் மண்டபத்தில் கூட்டம். என் பெண்டாட்டி அன்றைக்கு மதுரையில் மகளிடம் போயிருந்தாள். தலைவர், அந்த ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், மஞ்சள் அட்டை போட்ட விதிப் புத்தகத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கோயிலில் ஏற்றின விளக்கு அணையக் கூடாது, ஆறு காலப் பூசையில் ஒரு காலம்கூட நிற்கக் கூடாது, இது சங்கல்பம் என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டது, "யாராச்சும் செத்துப்போனா?"

நம் ஊர்ப் பக்கம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயில் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் நடை சாத்திவிடுவார்கள். எடுத்த பிறகு கழுவிவிட்டுத் திறப்பார்கள். காலம் காலமாக நடப்பதுதான். ஆனால் இங்கே பூசை நிற்கக் கூடாது என்று சங்கல்பம் ஆகிவிட்டதே. ஆளாளுக்கு முழித்தார்கள். படித்தவர்கள் அத்தனை பேர் முழிக்கும்போது என்னால் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தேன்.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? கேட்டுக்கு வெளியில, ரோட்டோரம், நான் ஒரு செட் போட்டுத் தாரேன். சொந்தச் செலவு. இழுத்துக்கிட்டு இருக்கிற ஆளை முன்கூட்டியே அங்கன வச்சுக்கிடலாம். சாவு வெளியில, சாமி உள்ள."

கை தட்டினார்கள், எல்லோரும் கையைத் தூக்கி அதை விதியாக்கினார்கள். தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "படிப்பு இல்லாட்டியும் என்ன மூளை பாருங்க" என்று மைக்கில் சொன்னார். அந்த வார்த்தைக்கு நான் மூன்று நாள் தூங்கவில்லை, சந்தோசத்தில்.

செட்டை ஒரே வாரத்தில் நிறுத்தினேன். நல்ல கனமான தகரம். மழைக்கு ஒரு சொட்டு உள்ளே இறங்காது. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு சாமி படம். வாசலில் ஏதோ நல்ல பேராகப் போர்டு மாட்டினார்கள்.

முதலில் அதற்குப் போனவர் எங்கள் எதிர்வீட்டு வாத்தியாருடைய அப்பா. வயசானவர், அடங்கின மனுசன். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கமிட்டி ஆட்கள் வந்து நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். போகும்போது கிழவர் கேட்டாராம், "எங்கப்பா போறோம்?" நாலு நாள் அங்கே கிடந்தார். நானும் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அப்போது லேசாக மழை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தேன். ஒழுகவில்லை. திருப்தியாக இருந்தது.

என் பெண்டாட்டி நாலு நாளும் வாத்தியார் சம்சாரத்துக்குத் துணையாக அங்கேயே இருந்தாள். எல்லாம் முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஈரத்தலையோடு என் முன்னால் நின்று கேட்டாள்.

"அந்தச் செட்டுக்கு ஏன் ஜன்னல் வைக்கல?"

"சாகுற ஆளுக்கு ஜன்னல் எதுக்கு?" என்றேன்.

சொன்னது நான்தான். இன்றைக்கும் அந்த வரியைச் சொல்ல எனக்குக் கூசுகிறது. மகள்கூட, "இதை எடுத்துறவாப்பா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

மகள் மதுரையில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நகருக்கு அவள் கடைசியாக வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கேட்டில் மாதர் குழு அம்மா ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். "தலைக்குக் குளிச்சு எத்தனாவது நாளும்மா?" என்று கேட்டிருக்கிறாள். உள்ளே வருகிற பெண்பிள்ளைகள் எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று புதுசாகப் போட்ட விதி. மகள் அப்படியே வந்த ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று போன் போட்டாள்.

"அப்பா, உங்க கேட்டுல உக்காந்து என் தேதியைக் கேட்டு எழுதுறாக. வாட்ச்மேன் நிக்கிறாரு, பால்காரன் நிக்கிறான், அவுக முன்னாடி."

"விதின்னு ஒண்ணு இருக்குல்லத்தா. சுத்தமா இருந்தாச் சொல்லிட்டு வர வேண்டியதுதான?"

"சரிப்பா. நான் வரல. அம்மாவை மதுரைக்கு அனுப்பி வைங்க, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். பெண்டாட்டி அடுப்படியில் அழுதாள். நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்கடுத்த வருசம் பெண்டாட்டிக்குக் கிட்னி கெட்டுப்போனது. தேனி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடந்தோம். நரம்பில் ஊசி ஏற்றி ரத்தம் சுத்தம் பண்ணுவது கொஞ்ச காலம் தாங்கியது. அப்புறம் உடம்பு ஏற்கவில்லை. ஒரு நாள் காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "ஐயா, இனிமே இங்க வச்சிருந்து அம்மாவைக் குத்திக்கிட்டே இருக்க வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க ஆசைப்பட்ட இடத்துல இருக்கட்டும்" என்றார்.

அவளிடம் கேட்டேன், "எங்கத்தா போகணும்?"

"என் ஜன்னலுக்கு" என்றாள். வீடு என்றுகூடச் சொல்லவில்லை.

தலைவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அரைமணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கையில் ஆப்பிள், விபூதி, குங்குமம். எவ்வளவு மரியாதையான மனுசன் என்று நினைத்தேன். வராந்தாவில் என் தோளில் கை போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. அம்மாவுக்காகச் செட்டை வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன். புது மெத்தை. எல்லாம் தயார்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. யாருக்கோ சொல்கிறார் போல என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். புரிந்த உடனே என் தோளில் கிடந்த அவர் கையை எடுத்துக் கீழே விட்டேன்.

"தலைவரே, இது என் பெண்டாட்டி."

"தெரியுது."

"கேட்டு நான் கொடுத்தது. முதல் வரிசை வீடு. என்ன பரிகாரமோ சொல்லுங்க, செய்றேன்."

"பரிகாரத்துக்கு விதியில இடம் இல்லையே. அதுவும் நீங்க எழுந்து சொன்ன யோசனை. நீங்களே மாத்தினா வாத்தியார் என்ன நினைப்பார்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சட்டையைப் பிடித்திருப்பேன். தன்மையாகச் சொன்னார். அதுதான் என்னை அடித்துப் போட்டது.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மகளை மதுரையிலிருந்து வரவழைத்தேன். மறுநாள் காலை ஆம்புலன்ஸில் கிளம்பினோம். வீரபாண்டி தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்து, "நம்ம வீட்டுக்குத்தான போறோம்?" என்றாள். "பின்ன எங்க?" என்றேன். நேரில் போய் நின்றால் என் முகத்தைப் பார்த்துத் திறந்துவிடுவார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். இந்தப் பக்கம் என் முகத்துக்குத் திறக்காத கேட்டு எது இருக்கிறது?

பத்து மணி வெயில். கேட்டு பூட்டியிருந்தது. உள்ளே கமிட்டி ஆட்கள் ஏழெட்டுப் பேர், நெற்றி நிறைய விபூதியோடு, வரிசையாக நின்றார்கள். என் வீட்டில் பலகாரம் சாப்பிடாதவர் அதில் ஒருத்தர்கூட இல்லை. வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு, "மொதலாளி, சாவியை அவுக வாங்கிட்டாக" என்றான். பக்கத்தில் செட், வெள்ளையடித்துப் பளிச்சென்று, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

நான் கத்தினேன். நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்து, கல்தூண் சுமந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். பித்தளைத் தகட்டைக் கையால் தட்டிக் காட்டினேன். வெயிலில் அது கொதித்துப் போயிருந்தது, கை சுட்டது. உள்ளேயிருந்து மாதர் குழு அம்மா, "பெரியவரே, சத்தம் போடாதீக, உச்சிக்காலப் பூசைக்கு நேரமாச்சு" என்றாள்.

தலைவர் கம்பிக்குப் பக்கத்தில் வந்தார். "நீங்களே எழுந்து சொன்ன யோசனை, நீங்களே போட்ட செட். வசதியாத்தான போட்டீங்க? வாத்தியார் அப்பா இருந்த இடம்தானே?"

ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்துதான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் பெண்டாட்டி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அந்தச் செட் யார் யோசனை என்று அவளுக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. கமிட்டி சொல்லி நான் போட்டுக் கொடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தாள். நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன்.

மகள் இறங்கி வந்தாள். அழவில்லை. "அப்பா, இந்தக் கேட்டை மாட்டினது யாரு?"

"நான்."

"அப்ப உங்களுக்குக் கழட்டவும் தெரியும்ல?"

அப்போதுதான் எனக்கு மூளை திரும்பி வந்தது. சப்பரமும் கல் லாரியும் உள்ளே போக வேண்டும் என்பதற்காக அந்தக் கேட்டைக் கீல்முளை மேல் சும்மா உட்கார வைத்திருந்தேன். மேலே தடுப்பு வைத்து வெல்டிங் பண்ணவில்லை. பூட்டு பாட்டுக்கு நடுவில் தொங்கட்டும். கீல் பக்கம் கீழே கடப்பாரை கொடுத்து நெம்பினால் கதவு அலுங்காமல் மேலே எழும்பும். இது உலகத்தில் ரெண்டு பேருக்குத் தெரியும். இன்னொரு ஆளைப் பார்த்தேன். வாட்ச்மேன் ஏற்கெனவே தன் காவல் கூண்டுக்குள் போய்க் கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தான்.

"ஏலே, உன் வேலை போயிரும்டா."

"போகட்டும் மொதலாளி. சுக்கா தின்னதும் வேலை போற குத்தம்தான?"

நெம்பினோம். ஆம்புலன்ஸ் டிரைவரும் தோள் கொடுத்தான். ஒரு பக்கக் கதவு முளையை விட்டு ஏறி, பூட்டுச் சங்கிலியில் தொங்கிக்கொண்டு, சாய்ந்து மதிலில் முட்டி நின்றது. கமிட்டி ஆட்கள் விலகினார்கள். யாரும் கை வைக்கவில்லை. இருமினால் தொற்றிக்கொள்ளும் என்று நிற்கிற மாதிரி அங்கவஸ்திரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உயிரோடு இருக்கிற மனுசிக்கு!

ஒன்பது நாள் அவள் ஜன்னலோரம் இருந்தாள். பால்காரனை வரவிடாமல் செய்தார்கள். பூக்கூடை வாங்க வருகிற பையன் வரவில்லை, செடியில் பூத்தது செடியிலேயே கிடந்தது. கோயிலுக்கு வேண்டாத பூவை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாத்தியார் சம்சாரம் மட்டும் கொல்லைப் பக்கமாக ஏறி வந்து, தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து, "ஆத்தா, ரெண்டு வாய் குடி" என்று ஊட்டிவிட்டுப் போகும். அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, மத்தியானம், கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். நான் கேட்டைத் தூக்கினதைப் பற்றித்தான் பேசுவாள், என்ன இருந்தாலும் என் புருசன் என்று சொல்வாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வாத்தியாரு அப்பா அன்னைக்கு எங்கப்பா போறோம்னு கேட்டாருல்ல."

"ஆமா."

"அவருக்கு இந்தக் கேட்டைத் தூக்கிருப்பீகளா?"

நான் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் தண்ணி கேட்டாள், காலைப் பிடித்துவிடச் சொன்னாள், எல்லாம் பேசினாள். அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் போனாள். கோயில் நடை சாத்தினார்கள். மத்தியானம் எடுத்தோம். கழுவிவிட்டு நடை திறந்தார்கள். எந்த ஊர்க் கோயிலிலும் நடக்கிறது எதுவோ அதுதான் நடந்தது. காரியம் முடிந்து ஒரு நாள் பூசாரி தனியாக என் பட்டறைக்கு வந்தார். இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு, "ஐயா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நடை சாத்தியிருந்தப்பவும் உள்ள விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. எண்ணெய் அம்புட்டு ஊத்தியிருந்தேன்" என்றார்.

சாமி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாமியா மதில் கேட்டார்? நாங்கள்தான் நல்லவர்களாக மட்டும் ஒரு இடத்தில் கூடி உட்கார்ந்து, எது எது அசுத்தம் என்று யோசித்து யோசித்து வெளியே வைத்தோம். வெங்காயத்தில் ஆரம்பித்தது. அப்புறம் பெண்பிள்ளைகளுக்கு வந்தது, கிழவருக்கு வந்தது, கடைசியில் என் வீட்டுக்கு வந்தது. கெட்டவன் ஒருத்தன் செய்திருந்தால் எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருக்காது. விபூதி பூசி, பல் விளக்கி, சிரித்த முகத்தோடு செய்தோம். மைக் வைத்துச் செய்தோம்.

வீட்டை விற்றுவிட்டு இப்போது சின்னமனூரில் ஒரு மாடியில் இருக்கிறேன். வாட்ச்மேன் என் பட்டறையில் இருக்கிறான். கிளம்புகிற அன்று ஆள் கூட்டிக்கொண்டு போய்ச் செட்டைப் பிரித்தேன். தகரம் ஒவ்வொன்றாக நானே இறக்கினேன், இந்த வயசில். பித்தளைத் தகட்டையும் கழற்றினேன். வாத்தியார் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். "வாத்தியாரே" என்றேன். அவர் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. எனக்கும் உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

போன வாரம் நகருக்குச் சாமான் ஏற்றிப் போகிற லாரிக்காரன் பட்டறைக்கு வந்தான். கேட்டுக்குக் கீல் மேல் தடுப்பு வைத்து வெல்டிங் பண்ணிவிட்டார்களாம். ரோட்டோரம் புது செட் ஏறுகிறதாம், இந்தத் தடவை சிமெண்டில்.

"நீங்க சண்டை போட்டதுல ஒரு நல்லது நடந்திருக்கு அண்ணே" என்றான். "இதுக்கு ஜன்னல் வைக்கிறாக."